வீட்டாவை விற்பனைக் கணக்கால் அளக்காதீர்கள்: சோனி நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

சோனி இன்டராக்டிவ் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

2021 மார்ச் மாத இறுதியில் பிளேஸ்டேஷன் 3 என்ற வீட்டு விளையாட்டுக் கருவி, பி.எஸ்.பி., வீட்டா என்ற கையடக்கக் கருவிகள் ஆகிய மூன்றின் இணையக் கடைகளையும் அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டிலேயே மூடப்போவதாக அறிவித்தீர்கள். உலகம் முழுவதிலுமிருந்து எதிர்ப்பு வந்தது. மூன்று வாரம் கழித்து, அப்போது தலைவராக இருந்த ஜிம் ரயன் அந்த முடிவு தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிளேஸ்டேஷன் 3, வீட்டா கடைகள் பிழைத்தன, பி.எஸ்.பி. கடை ஜூலையில் மூடப்பட்டது. ஒரு பெரிய நிறுவனம் தன் முடிவை இப்படித் திரும்பப் பெறுவது அரிது. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லியே இந்த மடலைத் தொடங்குகிறேன்.

ஆனால் அன்று கிடைத்தது அவகாசம் மட்டுமே. அதே ஆண்டு அக்டோபரில் வீட்டா கடையில் கிரெடிட் கார்டு மூலம் நேரடியாகப் பணம் செலுத்தும் வசதியை எடுத்துவிட்டீர்கள். கணினியிலோ கைபேசியிலோ கணக்கில் பணம் ஏற்றிவிட்டு வந்துதான் வீட்டாவில் ஒரு விளையாட்டை வாங்க முடியும். என்றாவது ஒருநாள் உங்கள் கூட்ட அறையில் இந்தக் கடையின் கதை மறுபடியும் பேசப்படும். அப்போது மேசையில் முதலில் வைக்கப்படும் தாள் எது என்று ஊகிக்க அதிக அறிவு வேண்டாம்: வீட்டா எத்தனை விற்றது என்ற கணக்கு. அந்தத் தாளை எப்படி வாசிக்கக் கூடாது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

"நன்றாக இருந்திருந்தால் விற்றிருக்கும்" என்ற வாதம் கையடக்க விளையாட்டுக் கருவிகளைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் வருகிறது. அதற்குச் சான்றாக உடனே காட்டப்படுவது நிண்டெண்டோவின் கேம்பாய். 1989இல் அது வெளிவந்தபோது அதன் திரையில் நிறம் கிடையாது, பின்னொளி கிடையாது; பச்சை படிந்த நான்கு சாயைகள் மட்டும். அதே ஆண்டு வந்த அட்டாரியின் லிங்க்ஸ் வண்ணத்திரையும் பின்னொளியும் கொண்டது. அமிகா கணினியை உருவாக்கியவர்களில் இருவரான டேவ் நீடிலும் ஆர்.ஜே. மைக்கலும் வடிவமைத்தது அது. உருவங்களைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் வன்பொருளிலேயே வசதி இருந்தது. அடுத்த ஆண்டு சேகாவின் கேம் கியர் வந்தது. அதுவும் வண்ணம்தான். ஆனாலும் கேம்பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன. கேம் கியர் சுமார் ஒரு கோடியில் நின்றது. லிங்க்ஸ் அதற்கும் வெகு கீழே.

இதை வைத்து "தரம் தோற்றது, மலிவு வென்றது" என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. லிங்க்ஸும் கேம் கியரும் ஆறு பேட்டரிகளை நாலைந்து மணி நேரத்தில் தீர்த்துவிடும். கேம்பாய் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. பயணத்தில் பாதி வழியில் அணைந்துபோகும் கருவியைத் தரமானது என்று எப்படிச் சொல்வது? அமெரிக்காவில் கேம்பாயின் விலை 90 டாலர், லிங்க்ஸின் விலை ஏறத்தாழ அதன் இரு மடங்கு. கைக்கருவியாக, கேம்பாய் உண்மையிலேயே சிறந்த கருவி. அதன் வெற்றியில் தரத்துக்குப் பங்கு உண்டு.

எவ்வளவு பங்கு என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தேட, அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோயின் வாழ்க்கையையே பார்க்கலாம். பழகித் தேய்ந்து மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்துப் புதிய வழியில் பயன்படுத்து என்பது அவருடைய கொள்கை. 1996இல் நிண்டெண்டோவை விட்டு விலகியவர், தான் தொடங்கிய சொந்த நிறுவனத்திலிருந்து பண்டாய் நிறுவனத்துக்காக வொண்டர்ஸ்வான் என்ற கருவியில் உழைத்தார். 1997 அக்டோபரில் சாலை விபத்தில் இறந்துபோனார். கருவி 1999 மார்ச்சில் வந்தது. விலை 4,800 யென். ஒரே ஒரு ஏஏ பேட்டரியில் முப்பது மணி நேரம் ஓடும். படுக்கவைத்தும் நிமிர்த்தியும் பிடித்து விளையாடலாம். அதற்கென்றே இரண்டு தொகுதிப் பொத்தான்கள்.

கேம்பாயை வெல்லவைத்தது மலிவும் பேட்டரியும் எளிமையும்தான் என்றால், அந்த மூன்றும் வொண்டர்ஸ்வானில் கூடுதலாகவே இருந்தன. அதே மனிதர், அதே கொள்கை, இன்னும் சில ஆண்டு முதிர்ந்த கை. விற்றது, எல்லா வகைகளும் சேர்த்து, சுமார் 35 லட்சம். ஜப்பானைத் தாண்டி அது முறையாக விற்கப்படவே இல்லை. அதற்குள் போக்கிமான் வந்துவிட்டது. 2001இல் கேம்பாயின் அடுத்த தலைமுறையான கேம்பாய் அட்வான்ஸும் வந்துவிட்டது. 11.8 கோடிக்கும் முப்பத்தைந்து லட்சத்துக்கும் நடுவே இருக்கும் அந்தப் பெரும் பள்ளத்தைத் தரம் என்ற ஒரு சொல்லால் நிரப்ப முடியுமா? என்னால் முடியவில்லை.

அந்தப் பள்ளத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டு இருக்கிறது. 1989 பிப்ரவரியில் விளையாட்டு வெளியீட்டாளர் ஹெங்க் ரோஜர்ஸ் மாஸ்கோவுக்குப் போய்ப் பேசி அதன் கையடக்க உரிமையைப் பெற்றதால்தான் அமெரிக்காவில் ஒவ்வொரு கேம்பாய் பெட்டியிலும் டெட்ரிஸ் சேர்ந்து வந்தது. போக்கிமான் இருக்கிறது. 1996 பிப்ரவரியில் அது வெளிவந்தபோது கேம்பாய்க்கு வயது ஏழு. முடிந்துபோன கருவி என்று பலரும் கருதிய நேரம். அந்த ஆண்டு கேம்பாய் பாக்கெட் என்ற சிறிய வடிவம் வந்தது என்றாலும், உள்ளே இருந்த செயலி பழையதுதான். எங்கோ ஒரு சிறு நிறுவனம் ஆறு ஆண்டுகள் பாடுபட்டு முடித்த ஒரு விளையாட்டு, இரண்டு கேம்பாய்களை இணைக்கும், அதுவரை பெரிதாகப் பயன்படாத கேபிளுக்கு ஒரு வேலை கொடுத்தது; விற்பனை மறுபடியும் ஏறியது. (தமிழ்நாட்டில் அந்த ஆண்டுகளில் பல பிள்ளைகள் கையில் இருந்தது பொருட்காட்சிகளிலும் ஃபேன்சி ஸ்டோர்களிலும் விற்ற பெயரில்லாத 'பிரிக் கேம்'. அவை எத்தனை கோடி விற்றன என்று எந்தப் பட்டியலிலும் பதிவு இல்லை. வரலாறு என்று நாம் நம்பும் விற்பனைப் பட்டியல்களின் இலட்சணம் அதுதான்.)

இதைவிடத் தெளிவான சோதனை ஒன்று வீட்டா பிறந்த அதே ஆண்டில் நடந்தது. 2011 பிப்ரவரியில் நிண்டெண்டோவின் 3டிஎஸ் கைக்கருவி ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதங்களில் உலகம் முழுவதும் சேர்ந்து சுமார் 7.1 லட்சம்தான் விற்றது. அந்தத் தேதியில் கணக்கை முடித்திருந்தால் 3டிஎஸ் ஒரு தோல்வி. ஆகஸ்டில் விலையை 15,000 யென்னாகக் குறைத்தார்கள். தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். ஆண்டு முடிவதற்குள் மரியோ விளையாட்டுகள் வந்தன. இறுதியில் 7.5 கோடிக்கு மேல் விற்றது. ஜூலையில் கடை அலமாரியில் தூங்கிய அதே கருவிதான் டிசம்பரில் பறந்தது. மாறியது விலையும் நிறுவனத்தின் பிடிவாதமும்.

இப்போது வீட்டாவுக்கு வருகிறேன்.

2011 டிசம்பர் 17 அன்று ஜப்பானில் நீங்கள் வெளியிட்ட அந்தக் கருவியைப் போல அழகான கைக்கருவியை நான் அதற்கு முன் பிடித்ததில்லை. ஐந்து அங்குல ஓஎல்இடி திரை, இரண்டு அனலாக் ஸ்டிக், முதுகில் தொடுபரப்பு. அதற்கு நேர்ந்தது என்ன? சாதாரண மைக்ரோ எஸ்டி அட்டை அதில் வேலை செய்யாது. உங்கள் சொந்த மெமரி கார்டுதான் வேண்டும். அமெரிக்காவில் கருவியின் விலை 249 டாலர், 32 ஜிபி கார்டின் விலை 99.99 டாலர். கருவியின் விலையில் ஐந்தில் இரண்டு பங்கை ஒரு நகக்கண் அளவுச் சில்லுக்குக் கேட்டீர்கள். பி.எஸ்.பி.யை ஜப்பானில் தூக்கி நிறுத்திய மான்ஸ்டர் ஹண்டர் தொடரின் அடுத்த ஆட்டம், வீட்டா வருவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, டிசம்பர் 10 அன்று, 3டிஎஸ்ஸில் வெளியானது. 2015 செப்டம்பரில், உங்கள் சொந்தக் கூடங்கள் (ஸ்டுடியோக்கள்) எதிலும் வீட்டாவுக்கான விளையாட்டு உருவாக்கத்தில் இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். மேலை நாடுகளில் அறிமுகமாகி நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. 3டிஎஸ்ஸுக்கு நிண்டெண்டோ காட்டிய பிடிவாதத்தில் கால் பங்குகூட வீட்டாவுக்குக் கிடைக்கவில்லை. கைபேசிகள் வந்து சந்தையைத் தின்றுவிட்டன என்பதும் உண்மைதான். ஆனால் 3டிஎஸ்ஸும் அதே கைபேசிகளுக்கு நடுவேதான் விற்றது.

வீட்டா எத்தனை விற்றது என்று நீங்கள் இறுதிக் கணக்கு வெளியிட்டதே இல்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு பி.எஸ்.பி.யோடு சேர்த்தே எண்ணினீர்கள். வெளியார் கணிப்புகள் ஒரு கோடியிலிருந்து ஒரு கோடியே அறுபது லட்சம் வரை அலைகின்றன. அந்த எண் எதுவாக இருந்தாலும், அதில் பாதிக்கு மேல் உங்கள் முடிவுகளின் மதிப்பெண் என்பது என் கருத்து. அதைக் கருவியின் மீது எழுதுவது நியாயமில்லை.

விற்காதவை எல்லாம் புரிந்துகொள்ளப்படாத மேதைகள் என்று நான் வாதாடவில்லை. 2003இல் வந்த நோக்கியா என்-கேஜில் விளையாட்டை மாற்ற வேண்டுமானால் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேச வேண்டுமானால் கருவியின் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். அது விற்காமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கடையில் நிற்கும் ஐந்து நிமிடத்தில் ஒருவருக்குத் தெரியும் குணங்களைச் சந்தை நன்றாகவே அளக்கிறது: விலை, எடை, பேட்டரி, பெட்டியில் என்ன விளையாட்டு. ஆறு மாதம் விளையாடிய பிறகு தெரியவரும் குணங்களை அது அளப்பதில்லை. அளக்கவும் முடியாது, ஏனெனில் பணம் முன்பே கைமாறிவிட்டது.

அந்த இரண்டாம் வகைக் குணத்துக்கு உங்கள் மீடியா மாலிக்யூல் கூடம் 2013இல் வெளியிட்ட 'டேர்அவே' ஓர் எடுத்துக்காட்டு. காகிதத்தால் ஆன உலகம் அது. வீட்டாவின் முதுகில் விரலை வைத்து அழுத்தினால், திரைக்குள் காகிதத் தரையைக் கிழித்துக்கொண்டு உங்கள் விரல் மேலே வரும். வானத்துச் சூரியனுக்குள் கேமரா வழியே உங்கள் முகம் தெரியும். 2015இல் அதைப் பிளேஸ்டேஷன் 4க்குக் கொண்டுவந்தபோது வேறு விளையாட்டாகவே திருத்தி அமைக்க வேண்டியிருந்தது. முதுகில் தொடுபரப்பு இல்லாத இடத்தில் அந்த விரல் எப்படி வரும்? மூல ஆட்டம் வீட்டாவில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. 'அன்சார்ட்டட்: கோல்டன் அபிஸ்' உங்கள் மிகப் புகழ்பெற்ற தொடரின் ஒரு பாகம், 2015இல் வந்த தொகுப்பில் அதைச் சேர்க்கவில்லை. 'கில்சோன்: மெர்சினரி', 'சோல் சேக்ரிஃபைஸ்' இரண்டும் வீட்டாவை விட்டு வெளியே வரவே இல்லை.

வெளியே வந்தவற்றுக்கு என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். 2012இல் வீட்டாவுக்காக வந்த 'பெர்சோனா 4 கோல்டன்' எட்டு ஆண்டு கழித்துக் கணினிக்குப் போனது. சில வாரங்களில் ஐந்து லட்சம் பேர் அதை விளையாடினார்கள். 'ஃப்ரீடம் வார்ஸ்' 2025 ஜனவரியில் மெருகேற்றப்பட்டு மறுபடியும் வந்தது. வாங்க ஆள் இல்லை என்று எழுதிவைக்கப்பட்ட கருவியின் ஆட்டங்களை வாங்க ஆள் இருந்திருக்கிறார்கள். அந்த அலமாரிக்கு அவர்களால் வர முடியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அதிகம் விற்றவை தாமாகவே காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கையும் பொய்த்துவிட்டது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை. கோடிக்கணக்கில் விற்ற கேம்பாயின் ஆட்டங்களில் கிடைப்பவை ஆறு விழுக்காட்டுக்கும் குறைவு. விற்பனையால் தரத்தைச் சொல்லவும் முடியவில்லை, காக்கவும் முடியவில்லை. நூலகங்கள் பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே திறந்துகாட்ட அனுமதி கேட்டபோது, நீங்கள் உறுப்பினராக உள்ள ஈ.எஸ்.ஏ. என்ற அமெரிக்க விளையாட்டு நிறுவனங்களின் சங்கம் அதை எதிர்த்தது. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டோம், நூலகம் காட்டவும் விடமாட்டோம் என்ற நிலைப்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே உங்களிடம் கேட்பவை இவை. வீட்டா கடையை மூடுவது பற்றி மறுபடியும் பேசும்போது, அங்கு மட்டுமே கிடைக்கும் ஆட்டங்களின் பட்டியலை விற்பனைக் கணக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். உங்களுக்கே சொந்தமான கோல்டன் அபிஸையும் மெர்சினரியையும் இன்றைய கருவிகளுக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. மூடியே தீர வேண்டும் என்றால், 2021இல் கொடுத்ததுபோல ஐந்து மாதம் போதாது. இரண்டு ஆண்டு முன்னதாகச் சொல்லுங்கள், அதற்குள் ஆட்டங்களின் ஒரு பிரதியை ஏதேனும் ஒரு நூலகத்திடம் ஒப்படையுங்கள். ஈ.எஸ்.ஏ.வின் அடுத்த கூட்டத்தில் நூலகங்களின் பக்கம் பேசுங்கள். நிறுத்தப்பட்ட கார்டு வசதியைத் திரும்பக் கொடுக்க முடியுமா என்றும் பாருங்கள்.

வீட்டா விற்ற எண்ணிக்கையையும் வெளியிட்டுவிடுங்கள். அது சிறிய எண்ணாக இருந்தால் இருக்கட்டும்.

அன்புடன்,
வீட்டாவில் இன்றும் விளையாடும் ஒருவர்