காப்புப் பாதிகளைக் குப்பைக்கு அனுப்பாதீர்கள்: மாதிரிக் காப்பகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கடலடியில் துளையிட்டு எடுத்த மண்தூண்களை வைத்திருக்கும் நம் குளிர்கிடங்கு பழுதாகி 11 நாள் நின்றுகிடந்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல் யாருக்குப் போனது, அவர் ஓய்வு பெற்று எவ்வளவு காலமாயிற்று என்பதெல்லாம் விசாரணைக் குறிப்பிலேயே இருக்கிறது. அதற்காகச் சண்டை போட நான் எழுதவில்லை. இயந்திரம் என்றால் பழுதாகும், மனிதர் என்றால் மறப்பார். அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

"உலர்ந்து சேதமடைந்த காப்புப் பாதிகள் அறிவியல் மதிப்பை இழந்துவிட்டன. அவற்றின் படங்களும் வருடல் தரவுகளும் சேமிக்கப்பட்டிருப்பதால், இட நெருக்கடியைக் கருதி அப்புறப்படுத்தப்படும்." காப்புப் பாதி என்றால், பிளந்த மண்தூணில் பிற்காலத்துக்கென்று எடுத்து வைத்த பாதி. சுற்றறிக்கையில் இரண்டே வாக்கியம். கையெழுத்துப் போட ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த மண் சேர எத்தனை காலம் ஆனது என்று கையெழுத்திட்டவருக்குத் தெரியும். அவரும் ஒரு காலத்தில் சல்லடை பிடித்தவர்தான். அதனால்தான் வருத்தம் கூடுதலாக இருக்கிறது.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த உத்தரவை நிறுத்தி வையுங்கள். ஒரு தட்டுக்கூட வெளியே போக வேண்டாம்.

கிடங்கு திறந்த அன்று முதலில் உள்ளே போனவர்களில் நானும் ஒருவன். வழக்கமாகக் கதவைத் திறந்ததும் 4 டிகிரிக் குளிர் முகத்தில் அறையும், ஈரச் சேற்று வாசனை வரும். அன்று வந்தது தீக்குச்சி உரசியது போன்ற கந்தக நெடி. மூன்றாவது வரிசையில் எனக்குப் பழக்கமான தட்டை இழுத்தேன். ஒன்றரை மீட்டர் நீளத் துண்டு. போன முறை பார்த்தபோது பாசிப்பச்சை நிறத்தில், விரலால் அழுத்தினால் வெண்ணெய் போல் குழையும் பதத்தில் இருந்தது. இப்போது குழாயின் சுவரை விட்டு விலகிச் சுருங்கி, குறுக்கே விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. நிறம் துருப்பழுப்பு. வெடிப்பின் ஓரங்களில் உப்புப் பூத்தது போல ஏதோ மினுங்கியது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஊசி ஊசியாக ஜிப்சம் படிகங்கள்.

அது எப்படி வந்தது என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போல் சுற்றறிக்கை எழுதப்பட்டிருப்பதால் சொல்கிறேன். கடலடிச் சேற்றில் பொடிப்பொடியாகப் பைரைட் இருக்கும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். ஈரமும் குளிரும் அடைப்பும் இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். சூடேறி, சேறு வெடித்து, காற்று உள்ளே புகுந்தால் ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமாகும். அந்த அமிலம் பக்கத்தில் இருக்கும் சுண்ணாம்பு ஓடுகளைத் தின்னும். கரைந்த கால்சியமும் சல்பேட்டும் கூடி ஜிப்சமாக முளைக்கும். நான் லென்ஸில் பார்த்த ஒவ்வொரு ஊசிக்கும் பின்னால் அழிந்துபோன ஓடுகள் இருக்கின்றன.

அன்று மாலை ஒரு சிட்டிகை மண்ணைக் கழுவி, 150 மைக்ரான் சல்லடையில் அரித்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். கடலில் வாழும் ஒருசெல் உயிரிகளான ஃபோராமினிஃபெராவின் (சுருக்கமாக ஃபோராம்) ஓடுகளை ஒவ்வொன்றாக ஈரத் தூரிகை நுனியில் ஒற்றி எடுப்பதுதான் 19 ஆண்டுகளாக என் வேலை. ஒரு மணல் பருக்கை அளவு ஓடு, அதற்குள் அறை அறையாகச் சுருண்ட வீடு. நல்ல ஓடு என்றால் கண்ணாடி போல் பளிச்சென்று இருக்கும். அன்று பார்த்தவை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்து, துளைகள் அகன்று, தூரிகை பட்டதுமே பொடிந்தன. நாற்பது ஓடு எடுக்க உட்கார்ந்தவன் ஏழோடு எழுந்தேன்.

ஓடு பொடிந்தது மட்டும் இழப்பு இல்லை. மீந்திருப்பவை பொய் சொல்லும் என்பதுதான் பெரிய ஆபத்து. ஓட்டில் கால்சியத்தோடு கலந்திருக்கும் மக்னீசியத்தின் அளவை வைத்து, அந்த உயிர் வாழ்ந்த நீர் எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தது என்று கணக்கிடுகிறோம். மக்னீசியம் மிகுந்த பகுதிதான் முதலில் கரையும். அரித்த ஓட்டை அளந்தால், அன்றைய கடல் உண்மையில் இருந்ததைவிடக் குளிராக இருந்ததாகக் காட்டும். நம் குளிர்கிடங்கு நின்றுபோனதை, கடல் குளிர்ந்துபோனதாக யாராவது ஆய்வுக் கட்டுரை எழுதிவிடப் போகிறார்கள்!

அப்படியானால் அப்புறப்படுத்துவதுதானே சரி என்று கேட்பீர்கள். இல்லை. அதே தட்டில் கரண்டியால் மேற்பரப்பைச் சுரண்டிப் பார்த்தேன். துருப்பழுப்பு அரைச் சென்டிமீட்டர் ஆழம்தான். அதற்குக் கீழே பழைய பாசிப்பச்சை, தொட்டால் ஈரம். வெடிப்பை ஒட்டிய பகுதி போய்விட்டது. நடுப்பகுதி உயிரோடு இருக்கிறது. எல்லாத் தட்டிலும் இப்படியா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் சுரண்டிப் பார்க்கவில்லை. மேலே நின்று படம் பிடித்து, "மதிப்பை இழந்தது" என்று எழுதியிருக்கிறார்கள். தவிர, சுண்ணாம்பே கரைந்துபோன பகுதியிலும் களிமண் இருக்கிறது, காற்று கொண்டுவந்து கொட்டிய பாலைவனத் தூசி இருக்கிறது. அமிலம் எல்லாவற்றையும் தின்பதில்லை.

"படங்கள் இருக்கின்றன" என்கிறீர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எக்ஸ்-கதிர் வருடி (ஸ்கேனர்) மேற்பரப்பில் இரும்பு எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று சொல்லும். அந்தப் படத்திலிருந்து ஓர் ஓட்டை எடுத்து ஆக்சிஜன் ஐசோடோப்பு அளக்க முடியுமா? நாளைக்கு வரப்போகும் கருவிக்கு எதைக் கொடுப்பீர்கள், கோப்பின் பெயரையா?

நாளைய கருவி என்பது வாதத்துக்காகச் சொல்வதல்ல. குளோமர் சேலஞ்சர் கப்பல் 1968-இல் ஆழ்கடலில் துளையிடத் தொடங்கியபோது, ஓட்டிலுள்ள போரான் ஐசோடோப்புகளை வைத்துப் பழங்காலக் கடல்நீரின் அமிலத்தன்மையைக் கணக்கிட முடியும் என்று யாருக்கும் தெரியாது. மக்னீசிய வெப்பமானியும் அன்று கைக்கு வரவில்லை. மண்ணை எடுத்தவர்கள் தங்களால் முடிந்ததை அளந்துவிட்டு, மீதியைப் பத்திரமாக மூடி வைத்தார்கள். ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒன்று வேலைக்கு, ஒன்று காப்புக்கு என்று வைக்கும் வழக்கமே அதற்காகத்தான். வேலைப் பாதியை நாங்கள் கொத்திக் குதறித் தீர்த்தாயிற்று. மிஞ்சியிருப்பது நீங்கள் வெளியே அனுப்பப்போகும் பாதி.

சூரியனைச் சுற்றும் புவியின் பாதையிலும் சாய்விலும் நேரும் மாற்றங்கள்தான் பனியுகங்களின் தாளத்தைத் தீர்மானிக்கின்றன என்று ஹேஸ், இம்பிரி, ஷாக்கிள்டன் என்ற விஞ்ஞானிகள் மூவரும் 1976-இல் நிறுவினார்கள். சுமார் 1,00,000, 41,000, 23,000 ஆண்டுச் சுழற்சிகள். அதற்கு ஆதாரமாக இருந்தவை இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எடுத்த இரண்டே இரண்டு வண்டல் தூண்கள்: ஆர்சி11-120, இ49-18. ஒன்று கான்ராட் கப்பலின் 11-ஆவது பயணத்தில் எடுத்தது, மற்றது எல்டானின் கப்பலின் 49-ஆவது பயணத்தில் எடுத்தது, பெயரிலேயே இருக்கிறது. இந்தக் கேள்விக்காக எந்தக் கப்பலும் புறப்படவில்லை. அமெரிக்காவின் லமாண்ட் ஆய்வகத்தைத் தொடங்கிய மாரிஸ் யூவிங் தம் கப்பல்களுக்கு "நாளுக்கு ஒரு கோர்", அதாவது நாளுக்கு ஒரு வண்டல் தூண், என்று விதி வைத்திருந்தார். எதற்கு என்று தெரியாமலே எடுத்து அடுக்கினார்கள். அடுக்கி வைத்ததால் கிடைத்தது. அன்று அங்கே இட நெருக்கடியைக் கருதும் ஒரு குழு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். மன்னிக்கவும், இது குத்தலாகத்தான் வந்துவிட்டது.

இன்னும் பின்னால் போகலாம். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பலின் பயணத்தில் சேகரித்த மாதிரிகளில் இருந்த ஃபோராம் ஓடுகளை, 2009-க்கும் 2016-க்கும் இடையில் தாரா என்ற பிரெஞ்சு ஆய்வுக் கப்பல் சேகரித்தவற்றோடு ஒப்பிட்டு 2020-இல் ஒரு கட்டுரை வந்தது. பசிபிக் நடுக்கோட்டுப் பகுதியில் இன்றைய ஓடுகள் 76 சதவீதம் வரை மெலிந்திருந்தன. ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஒரு அருங்காட்சியகம் அந்த மாதிரிகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது. சேலஞ்சர் ஆட்களுக்குக் கடல் அமிலமாதல் என்ற சொல்லே தெரியாது.

வேண்டுமானால் புதிதாக எடுத்துக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. எந்தக் கப்பலில்? 1985 முதல் நமக்கெல்லாம் மண் கொண்டுவந்த ஜாய்டஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பலின் ஆய்வுப் பயணங்கள் 2024-இல் முடிந்துவிட்டன. ஜப்பானிடம் சிக்யூ இருக்கிறது, சீனா மெங்சியாங்கைக் கட்டியிருக்கிறது. நம் மூன்றாவது வரிசையில் காய்ந்துபோனதை மறுபடி எடுத்துத் தர அவர்கள் வரிசையில் நிற்கிறார்களா? இருக்கும் மண்ணே மண் என்ற நிலைக்கு வந்திருக்கிறோம். இந்த நேரத்தில்தான் அதை அள்ளிப்போக வண்டி பேசுகிறீர்கள்.

கோபத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். துளையிடப் பணம் கேட்டால் கிடைக்கும். கப்பல், கடல், ஹெல்மெட் போட்ட விஞ்ஞானி என்று படம் நன்றாக இருக்கும். எடுத்ததைக் குளிரில் வைக்கப் பணம் கேட்டால், "இது ஆராய்ச்சியா, பராமரிப்பா?" என்று படிவம் திரும்பி வரும். குளிர்கிடங்கின் அழுத்தியை (கம்ப்ரசரை) மாற்றச் சொல்லி நாங்கள் எழுதிய கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. அதே காலத்தில் வரவேற்புக் கூடத்தில் ஒரு தொடுதிரை வந்தது. விரலால் தொட்டால் "கடலடி: பூமியின் நினைவகம்" என்று நீல நிறத்தில் எழுத்து மிதக்கும். அழகாகவே இருக்கிறது. மின்சாரம் போனால் அதற்கு மாற்று மின்கலன் உண்டு. கிடங்குக்கு இல்லை.

சரி, கோபத்தை விட்டுவிடுகிறேன். ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சேறு படியும். செங்களிமண் பகுதிகளில் அதுவும் இல்லை, ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். என் கட்டைவிரல் அகலத்தில் ஒரு பேரரசு எழுந்து விழுந்து மறந்துபோகும் காலம் அடங்கிவிடும். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரென 5 டிகிரிக்கு மேல் சூடேறியதும், கடல் அமிலமாகி ஆழத்தில் சுண்ணாம்பு கரைந்ததும் நமக்குத் தெரிந்தது இந்தச் சேற்றிலிருந்துதான். 2003-இல் தெற்கு அட்லாண்டிக்கின் வால்விஸ் முகட்டில் எடுத்த தூண்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெளிறிய சுண்ணச் சேறு வந்துகொண்டே இருக்கும், சட்டென்று கத்தியால் கோடு போட்டது போல் செம்பழுப்புக் களிமண் தொடங்கும். சுண்ணாம்பு கரைந்து, கரையாதது மட்டும் தங்கிய அடுக்கு அது. பழைய நிலைக்குக் கடல் திரும்ப ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆனது. வேடிக்கை என்னவென்றால், கடல் அன்று செய்ததைத்தான் நம் மூன்றாவது வரிசை 11 நாளில் சின்ன அளவில் செய்து காட்டியிருக்கிறது.

பணிவாகக் கேட்கிறேன். சுற்றறிக்கையை நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு தட்டையும் சுரண்டிப் பார்த்து, எது போனது, எது பிழைத்தது என்று பட்டியல் எடுக்க எங்களுக்கு அவகாசம் கொடுங்கள். ஈரம் இருப்பவற்றை உடனே காற்றுப் புகாத உறையில் அடைத்துக் குளிரில் வைக்க வேண்டும். உறைக்குப் பெரிய செலவில்லை. போனது போனதுதான் என்று உறுதியானால், அதையும் "சேதம்" என்று பட்டை ஒட்டித் தனியே வையுங்கள், எதிர்காலத்தில் யாரும் ஏமாறாமல் இருக்க. எச்சரிக்கை அஞ்சல் பணியில் இருக்கும் ஒருவருக்குப் போகட்டும். வேறு ஆள் கிடைக்காவிட்டால் என் பெயரையே போடுங்கள், நள்ளிரவானாலும் வருகிறேன்.

வண்டி செவ்வாய்க்கிழமை காலை வருவதாகக் கிடங்குக் காவலர் சொன்னார். சுற்றறிக்கையில் அந்தத் தேதி இல்லை. திங்கள் மாலைக்குள் "நிறுத்தி வைக்கப்பட்டது" என்று ஒரு வரி வந்தால் போதும். வராவிட்டாலும் செவ்வாய் காலை நான் மூன்றாவது வரிசையில்தான் இருப்பேன், கரண்டியும் உறைகளுமாக. வண்டிக்காரரிடம் தட்டுகளை எந்தத் தட்டிலிருந்து ஏற்றத் தொடங்கச் சொல்வது என்று குழுவில் யாராவது நேரில் வந்து காட்டினால் உதவியாக இருக்கும்.

மரியாதையுடன்,
மூன்றாவது வரிசையில் ஓடு பொறுக்கும் ஒருவன்