அபின் எரிக்கப்படவில்லை, கரைக்கப்பட்டது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிரிட்டனுக்கும் சீனாவுக்கும் நடந்த அபின் போரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் 'லின் செசூ அபினை எரித்தார்' என்று ஒரு வரி வருகிறது. அபின் கடத்தலை ஒழிக்கச் சீனப் பேரரசர் அனுப்பிய அதிகாரி அவர்; வெளிநாட்டு வியாபாரிகளிடம் பறிமுதல் செய்த அபினை அவர் அழித்ததுதான் போருக்கு வழிவைத்தது. பள்ளியில் நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் அவர் எரிக்கவில்லை. எரித்தால் அபின் உருகி மண்ணில் இறங்கும். அந்த மண்ணைத் தோண்டி ஒரு பகுதியை மீட்டுவிடுவார்கள். அதனால் 1839 ஜூனில், தென் சீனாவில் கான்டன் (இன்றைய குவாங்சோ) துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள ஹூமென் கடற்கரையில் பெரிய குழிகள் வெட்டி, தண்ணீர் விட்டு, உப்பைக் கொட்டினார்கள். அபின் உருண்டைகளை உடைத்து அதில் ஊறப்போட்டு, மேலே சுண்ணாம்பைப் போட்டதும் கொதித்துக் கரைந்தது. அப்புறம் மதகைத் திறந்து கடலில் விட்டார்கள். 20,000 பெட்டிகளுக்கு மேல் இருந்ததால் மூன்று வாரம் பிடித்தது. கடல் அசுத்தமாகிறதே என்று கடல் தெய்வத்துக்கு லின் முன்கூட்டியே வழிபாடும் செய்தார். அப்படிப்பட்ட மனிதரைப் பற்றிக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான்.

இந்தப் போரை 'வர்த்தகத் தகராறு' என்று எழுதியதையும் என்னால் ஏற்க முடியவில்லை. சீனாவில் அபின் விற்பனைக்கு 1729-லேயே தடை வந்துவிட்டது. தேயிலைக்கு வெள்ளி கொடுத்து மாளாத கிழக்கிந்தியக் கம்பெனி, பீகார் விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்து அபின் எடுக்கும் கசகசாச் செடியைப் பயிரிடவைத்து, அபினைக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. பழி தன்மேல் வராமலிருக்க, சீனாவுக்குக் கொண்டுபோகும் வேலையைத் தனியார் வியாபாரிகளிடம் விட்டது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலேயே இந்தச் சீன விவகாரத்தில் அரசைக் கண்டித்த தீர்மானம் 9 ஓட்டில்தான் தோற்றது. போரை முடித்த 1842 நான்கிங் உடன்படிக்கையில், அழித்த அபினுக்கென்றே பிரிட்டிஷார் சீனாவிடம் 60 லட்சம் வெள்ளி டாலர் வாங்கிக்கொண்டார்கள். சரக்கைக் கடத்தியவனுக்கே நஷ்டஈடு!

இதில் நம் ஊர்க்காரர்களும் உண்டு என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் சேர்ந்திருந்த, கம்பெனியின் மதராஸ் படை அந்தப் போருக்குக் கப்பலேற்றப்பட்டது. 1841 மே மாதம், கான்டனுக்கு வடக்கே சான்யுவான்லி கிராமத்துப் பக்கம், 37-வது மதராஸ் காலாட்படையின் ஒரு பிரிவு கொட்டும் மழையில் வழி தவறிவிட்டது. வெடிமருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்கவில்லை. ஈட்டியும் மண்வெட்டியுமாக ஊர் ஜனம் சூழ்ந்துகொள்ள, துப்பாக்கி முனைக் கத்தியை நீட்டியபடி இருட்டும்வரை நின்றார்கள், மீட்க ஆள் வரும்வரை. எதிரே நின்றவர்களும் வயலில் உழைத்த ஜனங்கள்தான். அபினில் இரு தரப்புக்கும் ஒரு காசு லாபமில்லை.

கட்டுரையாளர் இதைத் தொடர்ந்து எழுதினால் அந்தச் சிப்பாய்களைப் பற்றியும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்.