பெரியப்பாவுக்கு ஒரு கடிதம், துப்பாக்கி மருந்து எரியுற வேகம் பத்தி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்க நாங்க சௌக்கியம். பில்லிங்ஸ்ல குளிர் ஆரம்பிச்சாச்சு, குன்னூர் பனியெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல, தினம் கார் கண்ணாடில ஐஸ சுரண்டிட்டுதான் வேலைக்குக் கிளம்பறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேட்டைத் துப்பாக்கிக்கு வீட்லயே வெடிமருந்து போட்டு தோட்டா ரொப்பறார்னு போன்ல சொன்னதும் எந்த மருந்துக்கு பவர் ஜாஸ்தின்னு கேட்டீங்களே, அருவங்காடு கார்டைட் பேக்டரில காலம் தள்ளுன உங்களுக்கு அத போன்ல அரைகுறையா சொல்ல மனசு வரல.

பெரியம்மாவ பயப்பட வேணாம்னு சொல்லுங்க. நான் துப்பாக்கி வாங்கல, என் விசாவுக்கு வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு இல்லாம துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கவே கூடாது. வேடிக்கை பாக்கறதோட சரி. அக்டோபர் கடைசில இருந்து நவம்பர் கடைசி வரை மொன்டானாவுல மான் சீசன், ஆபீஸ்ல பாதி சீட் காலி. மருந்து டப்பா பாட்டுக்கு கடைல தூண்டில் பக்கத்துலயே அடுக்கி இருக்கு.

விஷயத்துக்கு வரேன். இவங்க பாக்கறது பவர் இல்ல பெரியப்பா, எரியுற வேகம். அவர் கராஜ் சுவத்துல ஒரு பட்டியல் ஒட்டி இருக்கார், நூத்துக்கு மேல மருந்து, மேல வேகமானது, கீழ போகப் போக மெதுவானது. புல்ஸ்ஐ மாதிரி பிஸ்டல் மருந்து மேல, நடுவுல 4895, 4064, வார்கெட், அதுக்கும் கீழ 4350, 4831, இன்னும் கீழ ரெட்டம்போ, இந்த நம்பரெல்லாம் மருந்தோட பேருதான். தைல மரத்து சுள்ளி குப்புனு பிடிச்சு அடங்கிடும், கட்டை நின்னு எரியும்ல, அந்தக் கணக்குதான். கூடுன்னா மருந்து ரொப்பற பித்தளைக் குழல், .308ங்கற தோட்டா மாதிரி நடுத்தர கூடுன்னா வார்கெட் சரியா இருக்கும். 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் மாதிரி பெரிய கூடு, பேரல்ல சின்ன துவாரம்னா 4831, ஹெச்1000 மாதிரி மெதுவான மருந்து வேணும், குண்டு பேரல்ல போகப் போக பின்னாடி இருந்து தள்ளிட்டே இருக்கணும். அங்க வேகமான மருந்தப் போட்டா குண்டு நகர்றதுக்குள்ள பிரஷர் எகிறி துப்பாக்கியே பொளந்துடும்.

உங்க கார்டைட் நூல் நூலா இருக்கும்னு சொல்வீங்க, அதுல நைட்ரோகிளிசரின், கன்காட்டன், கொஞ்சம் வாசலின். இங்க 4350 எல்லாம் பொடிப்பொடி குச்சி, நடுவுல ஊசி முனை அளவு ஓட்டை. வெளிப்பக்கம் எரிஞ்சு சுருங்கறப்ப ஓட்டை உள்பக்கம் எரிஞ்சு பெருசாகுது, அதனால எரியுற பரப்பு பெருசா மாறாம வாயு ஒரே சீரா வரும். மேல ஒரு பூச்சு வேற இருக்கு, ஆரம்பத்துல எரியுறத மட்டுப்படுத்த.

ஆனா அந்தப் பட்டியல நம்பி எதையும் ரொப்பக் கூடாதுங்கறதுல பெரியவர் ரொம்ப கறார். அது வெறும் வரிசைதான், பத்தாவதுக்கும் பதினொண்ணாவதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அதுல தெரியாது. பிரஷர் மாறினா எரியுற வேகமும் மாறும், அதனால ஒரே மருந்து ரெண்டு தோட்டாவுல ரெண்டு விதமா நடக்கும், கம்பெனிக்கு கம்பெனி வரிசையும் மாறும். எந்த வகைய எடுக்கலாம்னு யோசிக்க மட்டும் அது, அளவுக்கு மருந்து கம்பெனி போடற டேட்டா புஸ்தகம்தான்.

நம்பர் கூத்து தனி. ஹெச்4831ன்னும் ஐஎம்ஆர் 4831ன்னும் ரெண்டு இருக்கு, ஹெச்சும் ஐஎம்ஆரும் பிராண்டு பேரு, நம்பர் ஒண்ணு, மருந்து வேற, ஹெச் கொஞ்சம் மெதுவானது. ஹெச்சோட அளவ பாத்து ஐஎம்ஆர போட்டா ஆபத்து. அந்த ஹெச்4831க்கு ஒரு கதை இருக்கு, இரண்டாம் உலகப் போர்ல 20 எம்எம் பீரங்கிக்கு செஞ்சது மிஞ்சிப் போக, கான்சாஸ்ல புரூஸ் ஹாட்ஜ்டன்னு ஒருத்தர் சல்லிசா வாங்கி வேட்டைக்காரங்களுக்கு வித்தார், இந்த மாதிரி போர்ல மிஞ்சின மருந்துல இருந்துதான் அவர் வியாபாரமே வளந்துச்சு. இப்ப வர்ற ஹெச்4831, ஹெச்4350, வார்கெட் எல்லாம் ஆஸ்திரேலியாவுல முல்வாலாங்கற ஊர்ல செய்யறது. இதுங்களுக்கு வெயில், குளிர்னால வேகம் அவ்வளவா மாறாதாம். இங்க அதுதான் முக்கியம், ஆகஸ்ட்ல 35 டிகிரில சுட்டு சரி பாத்த தோட்டாவ நவம்பர் பனில மைனஸ்ல சுடணும், பழைய மருந்துன்னா குளிர்ல குண்டு வேகம் நல்லாவே குறையும்.

போன ஞாயித்துக்கிழமை அவர் ரொப்பறப்ப பக்கத்துலயே நின்னேன். மேஜை மேல ஒரே ஒரு டப்பாதான், மத்ததெல்லாம் அலமாரில பூட்டிட்டார். மருந்த தராசுத் தட்டுல கொட்டி கிரெய்ன் கணக்குல நிறுக்கறார், ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன்னா பாத்துக்கங்க எவ்வளவு பொடி அளவுன்னு. எல்லாக் கூட்டுலயும் போட்டு முடிச்சதும் டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணுத்துலயும் மருந்து மட்டம் ஒண்ணா இருக்கான்னு குனிஞ்சு பாத்தார், அப்புறம்தான் குண்ட வெச்சு அழுத்தறார். நடுவுல நான் ஏதோ கேட்டேன், பதிலே இல்ல, முடிச்சுட்டுதான் பேசினார்.

உங்களப் பத்தி சொன்னதும் ஆள் குஷியாயிட்டார். அவர் ஒண்ணு கேக்க சொன்னார். பேக்டரில ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் வேகம் மாறும்ல, டப்பால விக்கறத கலந்து சரிபண்ணி ஒரே மாதிரி ஆக்கறாங்களாம், உங்க காலத்துல அங்க அத எப்படி சோதிச்சீங்க? மூடின குடுவைக்குள்ள எரிச்சு பிரஷர் எடுப்பீங்களா, இல்ல துப்பாக்கில சுட்டே பாப்பீங்களா? சொல்லக் கூடாததுன்னா விட்டுடுங்க, இல்லன்னா கொஞ்சம் விவரமா எழுதுங்க, நான் அவருக்கு இங்கிலீஷ்ல சொல்லிடறேன்.

பெரியம்மாவுக்கும் தம்பிக்கும் கேட்டதா சொல்லுங்க.

அன்புடன்,
உங்க சின்னவன்