நிலத்தை மறந்த ஒப்பீடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரீஷியஸும் ஃபிஜியும் கரும்புத் தீவுகள். இரண்டிலும் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போய் இறங்கினார்கள். 1968, 1970 என்று இரண்டாண்டு இடைவெளியில் இரண்டும் விடுதலை பெற்றன. அப்படியிருந்தும் மொரீஷியஸ் செழித்ததற்கும் ஃபிஜி இராணுவப் புரட்சிகளில் சிக்கியதற்கும் தலைவர்களின் திறமையே காரணம் என்று முடித்துவிடும் கட்டுரைகளை அடிக்கடி படிக்க நேர்கிறது. பள்ளியில் பல்லாண்டு புவியியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்தக் கணக்கில் நிலம் விடுபட்டுப்போவதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

மொரீஷியஸில் பூர்வகுடிகள் கிடையாது. டச்சுக்காரர்கள் குடியேறும்வரை அது ஆளில்லாத தீவு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சர்க்கரைத் தொழில் நொடித்தபோது, பிரெஞ்சு வம்சாவளித் தோட்ட முதலாளிகள் நல்ல நிலத்தைத் தமக்கு வைத்துக்கொண்டு மற்றதைத் துண்டுபோட்டு விற்க, ஒப்பந்தம் முடித்த இந்தியர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் அதை வாங்கினார்கள்.

1870களின் தொடக்கத்தில் அங்கே ஆளுநராக இருந்த ஆர்தர் கார்டன்தான் 1875இல் ஃபிஜிக்கு ஆளுநராகச் சென்றார். இந்தியக் கூலிகளைத் தருவித்தவர் அவர். 1879இல் 'லியோனிடாஸ்' என்ற முதல் கப்பல் வந்தது. பூர்வகுடிகளின் நிலத்தை வெளியார் வாங்க முடியாதபடி தடுத்தவரும் அவரே. அதை நான் குறை சொல்ல மாட்டேன். இல்லையென்றால் வெளியாரிடம் நிலத்தை இழந்த ஹவாய் மக்களின் கதிதான் அவர்களுக்கும் நேர்ந்திருக்கும். ஆனால் மொரீஷியஸைப் போல் ஒன்பது மடங்கு பரப்புள்ள நாட்டில், ஏறத்தாழ 90 விழுக்காடு நிலம் பூர்வகுடிக் குலங்களுக்கே உரியது என்பதால், கரும்பு பயிரிட்ட இந்தியர் பெரும்பாலும் குத்தகைக்காரராகவே இருந்துவிட்டார். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீட்டிக்கப்பட்ட குத்தகைகள் 1997 முதல் முடியத் தொடங்கியபோது, வனுவா லெவு தீவில் வீட்டையே பிரித்து, தகரத்தையும் பலகைகளையும் ஏற்றிக்கொண்டு தலைநகர் சுவாவின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்குப் போன குடும்பங்கள் உண்டு. 1987இன் இராணுவப் புரட்சிகளுக்குப் பின் வெளிநாடு சென்றவர்கள் தனி. 1986இல் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதியாக இருந்த இந்திய வம்சாவளியினர் 2007இல் 37 விழுக்காடாகக் குறைந்தனர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1975இன் சர்க்கரை உடன்பாட்டில் ஐரோப்பா நல்ல விலைக்கு வாங்க ஒப்புக்கொண்ட அளவில், மொரீஷியஸின் பங்கு ஃபிஜியினுடையதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதில் வந்த இலாபத்தின் ஒரு பகுதி ஆயத்த ஆடைத் தொழிலுக்கும் சுற்றுலாவுக்கும் முதலாகப் போயிற்று.

மொரீஷியஸை எல்லாருக்கும் வாழ்வளித்த நாடு என்று எழுதுவதும் சரியன்று. அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களில் பெரும்பாலோருக்கு அந்தத் துண்டு நிலங்கள்கூட வாய்க்கவில்லை. 1999 பிப்ரவரியில், அவர்களுடைய பாடகர் ஒருவர் காவலில் இறந்ததும், தெருவில் இறங்கியவர்கள் அவர்கள்தாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
மயிலாடுதுறை.