உன் பட்டன் போனுக்கு ஒரு பதில்

மதுரை
23.11.2025

அன்புள்ள வாலு,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்மார்ட்போனைத் துணியில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்துவிட்டுப் பட்டன் போனுக்கு மாறிவிட்டதாகவும், யாராவது கூப்பிட்டால் பேச்சு, இல்லாவிட்டால் நிம்மதி, தலையே லேசாகிவிட்டது என்றும் எழுதியிருக்கிறாய். படித்ததும் பொறாமையாக இருந்தது. மறுபடி படித்தபோது கோபம் வந்தது. உன்மேல் இல்லை, பொதுவாகத்தான் என்று எழுத நினைத்தேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் பொய் எதற்கு, உன்மேல்தான்.

ஏண்டி, உன் தையல் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிற க்யூஆர் யாருடைய கணக்கில் இருக்கிறது? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில்லை யார் கட்டுகிறார்கள்? கேஸ் யார் புக் பண்ணுகிறார்கள்? உன் மகள்தானே. யாரோ ஒரு ஜாக்கெட்டுக்குக் கொடுத்த கூலி வந்து சேர்ந்ததா இல்லையா என்று அவள் காலேஜில் உட்கார்ந்துகொண்டு பார்த்துச் சொல்ல வேண்டும். நீ பீரோவுக்குள் வைத்தது போனை மட்டும்தான். அது செய்த வேலையெல்லாம் அந்தப் பிள்ளை தலையில் விழுந்திருக்கிறது. பார்க்காமலே இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பாய். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான்தான்.

இங்கே யாருக்கு என்ன கணக்கு இருந்தாலும் அதில் கொடுத்திருக்கும் நம்பர் என்னுடையது. மாமாவின் பென்ஷன், அத்தையின் ஆதார், கேஸ், கரண்ட், வீட்டு வரி, சின்னவனின் பள்ளிக்கூட ஆப், எல்லாம். "நீதான் பேங்க்ல இருக்கியே, உனக்குத்தான இதெல்லாம் தெரியும்" என்பது வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. காலை பதினொரு மணிக்குக் கவுண்டருக்கு முன்னால் வரிசை நிற்கும்போது அத்தை கூப்பிடுவார். சிலிண்டர் வந்து வாசலில் இருக்கிறது, கொண்டுவந்த தம்பி நம்பர் கேட்கிறான். வேறு யார் கைக்கும் சிலிண்டர் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நம்பர், ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது வருவது என் போனுக்கு, போன் இருப்பது டிராயருக்குள், என் கையில் இருப்பதோ எண்ணி முடிக்காத ஐந்நூறு ரூபாய்க் கட்டு. சொல்லாவிட்டால் சிலிண்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று அத்தைக்குப் பயம். எதிரே நிற்கிற பெரியவர் என்னை முறைக்கிறார். இந்தம்மா ஆபீஸ் நேரத்தில் போன் பேசுகிறது என்று யாராவது வீடியோ எடுத்துப் போட்டால் முடிந்தது கதை.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆப், அது போதாதென்று வகுப்புக்கு ஒரு வாட்ஸாப் குரூப், அப்புறம் அம்மாக்கள் மட்டும் புலம்புவதற்கு இன்னொன்று. நாளைக் காலையில் கலர் பிரிண்ட் வேண்டும் என்று ராத்திரி ஒன்பது மணிக்குச் செய்தி வரும். அதற்குக் கீழே வரிசையாக எல்லாரும் 'ஓகே மேம்' போடுவதில் செய்தியே மேலே காணாமல் போய்விடும். டயரி எங்கேடா என்றால், "டயரியெல்லாம் இல்லம்மா, குரூப்ல பாருங்க" என்கிறான் சின்னவன். அவனுடைய வீட்டுப்பாடம் எனக்குத் தெரிந்த பிறகுதான் அவனுக்கே தெரிகிறது. இவர் ஓசூரிலிருந்து சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிளம்பிவிடுகிறார், அதனால் அவரைக் கேட்டுப் பயனில்லை.

இந்த மாதம் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கான படிவம் வேறு. நவம்பர் 4ஆம் தேதியிலிருந்து வீடு வீடாகக் கொடுக்கிறார்களே, உங்கள் பக்கமும் வந்திருக்கும். 2002, 2005 காலத்துப் பட்டியலில் நம் பெயர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும் அல்லவா, அப்போது நாம் எந்தத் தெருவில் குடியிருந்தோம் என்பதில் அத்தைக்கும் மாமாவுக்கும் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை. மாமா சொன்ன தெருவில் இல்லை, அத்தை சொன்ன தெருவில் இருந்தது. அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மாமாவின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. மில்லில் வேலை பார்த்தவர் என்று உனக்குத் தெரியும். பிஎஃப் பென்ஷன்தான், வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும். வயதானால் யாருக்குமே ரேகை மங்கித் தோல் வறண்டுவிடும், மாமாவுக்கு வருஷக்கணக்காக நூல் இழுத்த விரல் வேறு, மெஷின் எந்த விரலையும் படிக்கவில்லை. சரி, முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கும் முறை 2021லேயே வந்துவிட்டதே என்று என் போனில் ஆப்பைப் போட்டு அவரை உட்கார வைத்தேன். எதிரே இருப்பது போட்டோ இல்லை, உயிருள்ள ஆள்தான் என்று தெரிந்துகொள்ள அது கண்ணைச் சிமிட்டச் சொல்லும். மாமாவோ ஸ்டுடியோவில் போய்ப் போட்டோ எடுத்த தலைமுறை, கேமராவைப் பார்த்தால் கண்ணை அகலத் திறந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். சிமிட்டுங்கள் மாமா என்றால், "போட்டோல கண்ண மூடுனா நல்லாவா இருக்கும்?" என்கிறார். இது போட்டோ இல்லை மாமா என்று நான் விளக்கி முடிப்பதற்குள் ஆப் நேரம் முடிந்து வெளியே தள்ளிவிடும். உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று மொட்டை மாடிக்குப் போனால் தூறல், சின்னவன் குடை பிடித்தான், குடைக்குள் மறுபடி இருட்டு. கடைசியில் ஒரு சொட்டு இமையில் விழுந்து அவர் தன்னை அறியாமல் சிமிட்ட, அதுவும் ஏற்றுக்கொண்டது. "செத்தவன் கண்ணச் சிமிட்டமாட்டான்னு கண்டுபிடிச்சிருக்கான் பாரு" என்று இரண்டு நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இவ்வளவும் எந்தப் பென்ஷனுக்கு? குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று 2014ல் வைத்தது இன்றுவரை ஆயிரம்தான். அவருக்கு அதற்குமேல் கொஞ்சம் வருகிறது, மாத்திரைக்குச் சரியாகிவிடும்.

பேங்க் கதை தனி. ஆபீசர் ஆகிவிட்டேன் என்று பேர், ஆள் இல்லாததால் பாதி நாள் கவுண்டரில்தான். இந்த வருஷம் எங்களுக்கு வந்து குவிந்ததைக் கேள். ஜன்தன் கணக்குகள் தொடங்கியது 2014 ஆகஸ்டில், பத்து வருஷம் ஆகிவிட்டதால் கேஒய்சி என்கிற அடையாள விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஊராட்சி ஊராட்சியாக முகாம். அது முடிந்ததும் அக்டோபர் 4 முதல் செக் கிளியரிங் மாறியது. முன்பு கட்டாகச் சேர்த்து அனுப்புவோம், இப்போது வந்த செக்கை உடனுக்குடன் ஸ்கேன் பண்ண வேண்டும், பாஸா ரிட்டர்னா என்று அன்று சாயங்காலம் ஏழு மணிக்குள் சொல்லியாக வேண்டும். நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நாலு நாமினி வரை போடலாம் என்று வந்துவிட்டது. எந்தப் பிள்ளைக்கு எத்தனை சதவீதம் என்ற குடும்பப் பஞ்சாயத்து இப்போது எங்கள் மேஜைமேல் நடக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் ஜனங்களுக்கு நல்லதுதான். ஆனால் ஒவ்வொன்றும் வரும்போது வேலை கூடுகிறது, ஆள் கூடுவதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து குக்கரை வைத்தால் ஆபீஸ் குரூப்பில் 'இன்றைய எண்ணிக்கை?' என்று கேள்வி விழும். எத்தனை கணக்கு, எத்தனை இன்சூரன்ஸ். முதல் ஆளாகப் பதில் போட்டவருக்குக் கைதட்டும் பொம்மை. வேலை நேரம் முடிந்தால் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று பிரான்ஸில் 2017லும் ஆஸ்திரேலியாவில் 2024லும் சட்டம் வந்துவிட்டதாம். நம் ஊர் பேங்குகளுக்கு 2015லிருந்து இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை லீவு. எல்லாச் சனிக்கிழமையும் விடலாம் என்று 2024 மார்ச்சில் சங்கங்களும் வங்கிகள் தரப்பும் பேசி முடித்தார்கள், அரசு அனுமதி இன்னும் வரவில்லை. வந்தாலும் குரூப்புக்கு லீவு கிடையாது என்பது வேறு விஷயம்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் உன் பட்டன் போன் விஷயம் எனக்கு உறைத்தது. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15ல் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு மாதமும் நடுவில் வரிசையாகப் பெண்கள் வருகிறார்கள், "ஆயிரம் ரூவா ஏறிருச்சாம்மா?" ஏறியிருக்கும். மெசேஜ் போயிருப்பது மகன் போனுக்கு, இல்லாவிட்டால் வீட்டுக்காரர் போனுக்கு. தன் பேரில் வருகிற பணம் வந்ததா என்று தெரிந்துகொள்ள அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிறார். இன்னொருவருக்குப் பதிவான நம்பர் துபாயில் இருக்கிற மகனுடையது. ரோமிங் போடாத சிம், ஓடிபி போய்ச் சேரவே சேராது. அவனைக் கூப்பிட்டால் அங்கே ஷிஃப்ட். இதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, கவனமாகக் கேள்: ஒரு சிம்மைத் தொடர்ந்து 90 நாள் உபயோகிக்காமல் போட்டுவைத்தால் அதைத் துண்டித்துவிடலாம், பிறகு அந்த நம்பர் வேறு ஆளுக்குப் போய்விடும். நம் கணக்கின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் போனில் போய் விழும்.

அந்தக் காலம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பரீட்சை ஃபீஸுக்கு டிடி எடுக்க நாம் இரண்டு பேரும் வகுப்பைக் கட் அடித்துவிட்டு பேங்கில் காய்ந்தது ஞாபகம் இருக்கிறதா? செல்லானில் ஒரு அடித்தல் இருந்ததென்று திருப்பி அனுப்பினாரே ஒரு மனுஷன். 2016ல் யூபிஐ வந்தபோது நம் ஜனங்களுக்கு இது ஒத்துவராது என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. இன்றைக்குப் பூக்காரம்மா சில்லறை இல்லை என்று திட்டுவதில்லை, அதற்காகவே கும்பிடலாம். என் வருத்தம் வேறு. முன்பு ஒரு படிவத்தை வாங்கி, சரிபார்த்து, பதிந்து கொடுக்க மேஜைக்கு அந்தப் பக்கம் சம்பளம் வாங்குகிற ஒருவர் இருந்தார். இப்போது அதை வாடிக்கையாளரே செய்ய வேண்டும். அவருக்குத் தெரியாவிட்டால் வீட்டில் தெரிந்த ஒருத்தி செய்ய வேண்டும். அவளுக்கு அது வேலையென்று கணக்கில் வராது, கேட்டால் "ஒரு நிமிஷம்தானே" என்பார்கள். நானே கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு "வீட்ல யாராச்சும் படிச்ச பிள்ளைங்க இருந்தா கூட்டிட்டு வாங்கம்மா" என்று சொல்லி அனுப்புகிறேன். எனக்கும் வேறு வழி இல்லை.

அதனால் உன் போனைத் திரும்ப எடு என்று சொல்ல வரவில்லை. பட்டன் போனையே வைத்துக்கொள், ஆனால் உன் வேலையை நீயே பார். கடை க்யூஆரை உன் கணக்குக்கு மாற்று. சவுண்ட் பாக்ஸ் வைத்துவிட்டால் பணம் வந்ததும் அதுவே கத்திச் சொல்லும், பேங்க் மெசேஜ் பட்டன் போனுக்கும் வரும், பிள்ளையைக் கேட்க வேண்டியதில்லை. யாருக்காவது பணம் அனுப்பவும் வழி இருக்கிறது: பட்டன் போனுக்கென்றே யூபிஐ 123பே 2022ல் வந்துவிட்டது, நம்பரைக் கூப்பிட்டு அது சொல்கிறபடி அமுக்கினால் போதும், ஒரு தடவைக்குப் பத்தாயிரம் வரை போகும். மெசேஜ் அனுப்பியவர் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும், அது பி என்றால் விளம்பரம், படிக்காமலே அழித்துவிடு. போலீஸ் பேசுகிறேன், சிபிஐ பேசுகிறேன், உன்னை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கிறோம் என்று எவனாவது சொன்னால் போனை வை, அப்படி ஒரு அரெஸ்டே சட்டத்தில் இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐக் கூப்பிடு. இதையெல்லாம் தினமும் ஓதி ஓதி எனக்குப் பழகிவிட்டது, கடிதத்திலும் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்.

மற்றபடி இங்கே எல்லாரும் சுகம். பெரியவளுக்கு ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லையாம், வாரம் ஒருமுறை பருப்புப் பொடியும் திட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். என் கழுத்து வலிக்கு டாக்டர் போனைக் குனிந்து பார்க்காதே என்றார், அடுத்த வருகைக்கு ஆப்பில் பதிந்துகொள்ளச் சொன்னதும் அவர் ஆஸ்பத்திரிதான். உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததா? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல், அதில் மட்டும் சோம்பல் கூடாது.

டிசம்பர் 13 இரண்டாவது சனிக்கிழமை. சின்னவனை அத்தையிடம் விட்டுவிட்டு, பழனி வழியாக ரயில் பிடித்து உடுமலைக்கு வரலாம் என்று இருக்கிறேன். அன்றைக்கு உன் மகளையும் வீட்டில் இருக்கச் சொல், க்யூஆரை எப்படி மாற்றுவது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்துவிடலாம். இரண்டு ஜாக்கெட் துணி கொண்டுவருகிறேன். போன தடவை நீ தைத்ததில் கை இறுக்கிப் பிடிக்கிறது, இந்தத் தடவை அரை இஞ்ச் விட்டுத் தை. கூலி ரொக்கமாகத்தான் தருவேன்.

அன்புடன்,
குட்டை