பெட்டி வாங்குவதற்கு முன்

அன்பு மாப்ளே சரவணா,

பையன் பிறந்தநாளுக்கு பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5, டிவியில் மாட்டி ஆடுகிற கேம் பெட்டி) வாங்குவதா, இல்லை இன்னும் கொஞ்சம் காசு போட்டு நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள பிசியாகவே வாங்குவதா என்று கேட்டிருந்தாய். பையனுக்காகத்தான் கேட்கிறேன் என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாய், சரி, நம்பிவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது சீரியலில் வருகிறவர்களின் மேக்கப் எங்கே திட்டுத்திட்டாக இருக்கிறது என்பதுவரை கண்டுபிடித்துச் சொல்கிறாள்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், புலம்பல் அப்புறம். ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்து ஆடுவதற்கு என்றால் பிஎஸ்5 வாங்கு, யோசிக்காதே. பிசியில் கேம் தள்ளுபடியில் மலிவாகக் கிடைக்கும், பழைய கேமெல்லாம் ஓடும், படிப்புக்கும் ஆகும் (வீட்டில் சொல்வதற்கு வசதி), ஆனால் டிரைவர் அப்டேட், செட்டிங்ஸ் என்று ஆடுகிற நேரத்தில் பாதி அதை நோண்டுவதிலேயே போய்விடும், உன் பொறுமையைப் பற்றி எனக்குத் தெரியாதா. இந்த மிஷின் இருந்தால்தான் இந்த கேம் என்ற சண்டையும் முன்போல் இல்லை. சோனியின் காட் ஆஃப் வார் 2022இல் பிசிக்கு வந்தது, தி லாஸ்ட் ஆஃப் அஸ் அடுத்த வருஷம் வந்தது. அந்தப் பக்கம் எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்கிற மைக்ரோசாஃப்ட் தன்னுடைய ஃபோர்ஸா ஹொரைசன் 5ஐ 2025இல் பிளேஸ்டேஷனுக்கே கொடுத்துவிட்டு, ஹேலோவும் வரும் என்று அதே வருஷம் அறிவித்தும் விட்டது. எக்ஸ்பாக்ஸின் செல்லப்பிள்ளை ஹேலோ, பிளேஸ்டேஷனில்! ஹாஸ்டலில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கு ராத்திரி அடிதடிதான். நிண்டெண்டோ மட்டும்தான் மரியோவையும் செல்டாவையும் இன்னும் போட்டிக்காரன் பெட்டிக்கு விடாமல் வைத்திருக்கிறது.

ஆனால் நீ ஒரு டிரெய்லரைப் பற்றி எழுதியிருந்தாயே, மழை பெய்த ரோட்டில் தேங்கின தண்ணீரில் நியான் போர்டெல்லாம் அப்படியே தெரிகிறது, ரே டிரேசிங் இல்லாமல் இனிமேல் கேமே ஆட முடியாது என்று, அங்கேதான் உன்னோடு எனக்குச் சண்டை. ஒளி எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்குப் போட்டு வரைகிற வேலை அது, லேசுப்பட்டது இல்லை, 2018இல் என்விடியா அதற்கென்றே முதல் ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டுகளை இறக்கியபோது நானும் வாயைப் பிளந்துதான் பார்த்தேன். ஆனால் கணக்கு கூடினால் ஃபிரேம், அதாவது நொடிக்கு வரைகிற படங்களின் எண்ணிக்கை, குறையும். அதனால்தான் பிஎஸ்5இல் பல கேம்கள் உன்னிடமே விட்டுவிடுகின்றன: படம் பளிச்சென்று வேண்டும் என்றால் நொடிக்கு 30 ஃபிரேம், ஓட்டம் சீராக வேண்டும் என்றால் 60. முதல் நாள் நீ பளிச்சைப் போட்டு அக்கம்பக்கத்துக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவாய். அப்புறம் கேமில் ஏதோ ஒரு பெரிய வில்லனிடம் செத்துச் செத்து எழுந்ததும் சத்தமில்லாமல் 60க்கு மாற்றிவிடுவாய்.

கிராபிக்ஸ் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கேம்தான் ஞாபகம் வரும். தில்லைநகர் பிரவுசிங் சென்டரில், நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்த சீட் கோடை (குறுக்கு வழி எழுத்துகளை) பார்த்துப் பார்த்து அடிப்போமே, அது. அந்த மேப் எவ்வளவு பெரிதாக இருந்தது! லாஸ் சாண்டோஸில் கிளம்பி, காடு மலையெல்லாம் தாண்டி சான் ஃபியரோ போய்ச் சேர்வதற்குள் கட்டின காசுக்கு நேரம் முடிந்துவிடும். 2004இல் அதை முதலில் பிஎஸ்2க்காகச் செய்தார்கள், அந்தப் பெட்டிக்கு மெயின் மெமரி 32 எம்பிதான். தூரத்தில் இருப்பதை எல்லாம் வரைய அதற்கு வக்கில்லை, அதனால் மூடுபனி மாதிரி ஒரு மங்கலைப் போட்டு மறைத்துவிட்டார்கள். 2021இல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று புதுப்பித்து வெளியிட்டபோது, மெமரிதான் கொட்டிக் கிடக்கிறதே என்று அந்த மங்கலைத் தூக்கிவிட்டார்கள். போச்சு. உயரத்தில் போய்ப் பார்த்தால் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊர் கூப்பிடு தூரத்தில் தெரிகிறது. நாம் மணிக்கணக்காக ஓட்டின அந்த மாநிலம், நாலு தெரு உள்ள பேட்டை மாதிரி ஆகிவிட்டது. ரசிகர்கள் சும்மா விடவில்லை, கடைசியில் 2024 நவம்பரில் பழைய ஒளியமைப்பைத் திருப்பித் தரும் ஒரு செட்டிங்கைச் சேர்த்தார்கள்.

சைலண்ட் ஹில் என்ற பயமுறுத்தும் கேமும் இதே கதைதான், 1999, முதல் பிளேஸ்டேஷன். கொஞ்ச தூரத்துக்கு மேல் வரைய முடியாத குறையை மறைக்க ஊர் முழுக்கப் பனியைப் போட்டார்கள், கடைசியில் அந்தப் பனிதான் பயம் என்று ஆகிப்போனது. உள்ளே ஏதோ நடமாடுகிறது, ரேடியோ கரகரக்கிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் பாகத்தை 2024இல் முழுக்கப் புதிதாகச் செய்தார்களே, மறைக்க வேண்டிய அவசியமே இல்லாத மிஷினில், அதிலும் பனியை விடவில்லை. விவரம் தெரிந்தவர்கள்.

இதற்காகப் பழசெல்லாம் பொன் என்று சொல்லவில்லை. பழசில் பாதி இப்போது கண்கொண்டு பார்க்க முடியாது. நிஜம் மாதிரி இருக்க வேண்டும் என்று முக்கினவைதான் சீக்கிரம் கிழடு தட்டுகின்றன, அடுத்த மிஷின் வந்ததும் முகமெல்லாம் மெழுகு. செல்டா வரிசையில் விண்ட் வேக்கர் கேமை 2002இல் கார்ட்டூன் மாதிரி வரைந்தபோது குழந்தை விளையாட்டு என்று திட்டித் தீர்த்தார்கள். அந்தத் திட்டு வாங்கிய பிறகு 2006இல் சீரியஸான முகத்தோடு அடுத்த செல்டாவான டுவைலைட் பிரின்சஸ் வந்தது. இன்றைக்கு இரண்டையும் அடுத்தடுத்து போட்டுப் பார், எது நேற்று வரைந்த மாதிரி இருக்கிறது என்று. என் மகளோ மைன்கிராஃப்டைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை, 30 கோடி பிரதிகளுக்கு மேல் விற்ற கேம், எல்லாம் கட்டம் கட்டமாக.

அப்புறம் படங்கள். விஎஃப்எக்ஸ் வளர்ந்துவிட்டதால்தான் இப்போது கேமை வைத்து எடுக்கிற படங்களும் சீரிஸும் தேறுகின்றன என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா 2010இல் வந்ததே, ஜேக் ஜில்லன்ஹால் நடித்தது, அதில் பணத்துக்கா பஞ்சம்? கேமை உருவாக்கிய ஜோர்டன் மெக்னரே கதையில் இருந்தார். காலத்தைப் பின்னால் திருப்புகிற கத்தி படத்திலும் இருந்தது. ஆனால் கேமில் அந்தக் கத்தி எதற்கு? நான் தாவத் தெரியாமல் தாவிக் கீழே விழுகிறேன், பட்டனை அமுக்கினால் விழுந்தது இல்லை என்றாகிறது, அமுக்காமல் செத்தே போனாலும் இளவரசனே, இல்லை இல்லை அப்படி நடக்கவில்லை என்று கதையைத் திருத்திச் சொல்கிறான். தப்பு என்னுடையது, மன்னிப்பும் எனக்கு. தியேட்டரில் யாரோ விழுகிறான், யாரோ திருப்புகிறான், நான் பாப்கார்ன் தின்றுகொண்டிருக்கிறேன்.

ஹேலோ சீரிஸில் முதல் எபிசோடிலேயே கேமின் ஹீரோவான மாஸ்டர் சீஃப் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். கேமில் அந்த முகத்தைக் காட்டாமலே வைத்திருந்தார்கள், ஏனென்றால் உள்ளே இருப்பது ஆடுகிறவன். இரண்டு சீசனோடு மூட்டை கட்டினார்கள்.

தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமை சீரிஸாக எடுத்தவர்களுக்கு இது புரிந்திருந்தது. மூன்றாவது எபிசோடைப் பார்த்தாயா? கேமில் பில் என்கிறவன் தனியாக, எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டு இருப்பான். அவனுடைய துணையான ஃபிராங்க் ஏற்கெனவே செத்துப்போனவன், பில்லை வெறுத்து எழுதின ஒரு சீட்டு மட்டும் கிடைக்கும். நாம் அந்த ஊரில் பேட்டரி தேடிக்கொண்டிருப்போம், அந்த இரண்டு பேருடைய வாழ்க்கைக்கு கேமில் இடமில்லை. சீரிஸில் அதைத்தான் எடுத்தார்கள். சேர்ந்து சாப்பிட்டு, சண்டை போட்டு, ஸ்ட்ராபெரி நட்டு, வயதாகி, ஒன்றாகப் போய்ச்சேரும்வரை. ஃபால்அவுட் சீரிஸும் (2024) அப்படித்தான், அதன் நாயகி லூசி அதற்கு முன்னால் எந்த கேமிலும் கிடையாது, உலகம் மட்டும் அதே உலகம். கேம் விட்டுவைத்த இடத்துக்குள் போகிறவர்கள் பிழைக்கிறார்கள், கேம் ஏற்கெனவே செய்ததையே திரும்பச் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 2023 மரியோ படம் 130 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்ததே என்று நீ கேட்பாய். செய்தது, மகளும் கைதட்டினாள், நான் நடுவில் கொஞ்சம் தூங்கினேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், பெட்டி வந்ததும் வெண்பா என்ற கேமைப் போடு. டொராண்டோவில் இருக்கிற ஒரு சின்னக் குழு 2023இல் செய்தது, அடுத்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் பரிசு வாங்கியது. கனடாவுக்குக் குடியேறின தமிழ்க் குடும்பம், அம்மா கொடுத்துவிட்ட கிழிந்துபோன சமையல் நோட்டு, அதில் அழிந்துபோன வரியை ஊகித்துச் சமைக்க வேண்டும். ரே டிரேசிங்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, கையால் வரைந்த படங்கள்தான். முதலில் இட்லி. ஆவி மேலே போக இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று நீ திணறுவாய், தங்கச்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து ஒரு வார்த்தையில் சொல்லிவிடும். ஒரே உட்காரலில் முடித்துவிடலாம்.

டிஸ்க் போடுகிற மாடலாகவே வாங்கு, முடித்த கேமை விற்றுவிட்டு அடுத்தது எடுக்கலாம். பெட்டிக்குள் ஒரு கன்ட்ரோலர்தான் இருக்கும், அதனால் இன்னொன்றும் சேர்த்து வாங்கிவிடு, பையன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா நீ.

அன்புடன்,
செந்தில்