4.8 ஸ்டார் ஆஸ்பத்திரிய நேர்ல போய் பாத்துட்டு வந்தேன்

தம்பி, நல்லாருக்கியாய்யா. போன்ல பேசுனா பாதிலயே கட்டாயிருது, நீயும் டூட்டி இருக்குன்னு வச்சிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், ரூமுக்குப் போய் மெதுவா படி.

அப்பாவோட குடலிறக்க ஆபரேஷனுக்கு நீ லிங்க் அனுப்புன ஆஸ்பத்திரிக்கு நேத்து நான் மட்டும் போனேன். அப்பாவ கூட்டிட்டுப் போகல, அவரு வந்தா ஏசில உக்காந்து டிவி பாத்துட்டு அன்னைக்கே அட்வான்ஸ் கட்டிருவாரு. ரிவியூ அம்புட்டயும் படிச்சேன்டா, பார்க்கிங் இருக்கு, சிஸ்டருங்க சிரிச்சுப் பேசுறாங்க, ரூமு சுத்தம்... ஒரு மாசம் கழிச்சு புண்ணு எப்டி இருந்துச்சுன்னு ஒருத்தர் கூட எழுதல.

ரிசப்ஷன்ல சுகாதாரத்துறை ஜே.டி. (இணை இயக்குநர்) ஆபீஸ் குடுத்த ரெஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட்ட ஃபிரேம் போட்டு மாட்டிருக்காங்க, அது சரிதான். தனியார் ஆஸ்பத்திரின்னா பதிவு பண்ணணும்ங்கிற சட்டம் நம்ம தமிழ்நாட்டுல 1997லயே வந்துச்சு, ரூல்ஸ் 2018லதான் வந்துச்சு, இருபது வருசம் சும்மா கெடந்துச்சு. லிஃப்டுல ஸ்ட்ரெச்சர் நுழையுது, ஆனா பின்படிக்கட்டுல ஓட்டக் கட்டில அடுக்கி வழிய அடச்சு வச்சிருக்காங்க. 2024 டிசம்பர்ல திண்டுக்கல்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரில தீப்புடிச்சு 6 பேரு போனாங்களே, லிஃப்டுக்குள்ள மயங்கிக் கெடந்தாங்கன்னு பேப்பர்ல படிச்சு ராத்திரி தூங்காம இருந்தேனே, அதான் நெனப்பு வந்துச்சு. மேனேஜர்ட்ட சொன்னேன், நாளைக்கு எடுத்துருவோம்னாரு.

ஆபரேஷன் தியேட்டர் இன்சார்ஜ் யாருன்னு பாத்தா என்கிட்ட ட்ரெய்னிங் இருந்த பொண்ணு! அவ இல்லாட்டி என்னைய உள்ளயே விட்டுருக்க மாட்டாங்க. ஆட்டோகிளேவ் ரெஜிஸ்டர காமின்னேன், அதான் ஆபரேஷன் சாமான நீராவில வச்சு கிருமிய கொல்ற மிஷினு, ஒவ்வொரு லோடுக்கும் அதுல எழுதணும். மாசம் பூரா 121 டிகிரி, 15 பவுண்டு, ஒரே பேனா, ஒரே கையெழுத்து. போன வாரம் நம்ம ஏரியால மெயின்டனன்ஸுன்னு காலைல 9 மணிக்குப் போன கரண்ட் சாயங்காலந்தான் வந்துச்சு, அன்னைக்கும் 11 மணிக்கு ஒரு லோடு போட்டதா எழுதிருக்கு. ஜெனரேட்டர்ல ஓட்டுனோம்மாங்குறா. ஜெனரேட்டர் அத இழுக்காதுன்னு பக்கத்துல நின்ன பையன் சிரிச்சுட்டான்.

அவளத் திட்டல. எனக்கு எப்டி தெரியும்ங்கிற? நானும் எழுதுனவதான். நான் வேலை பாத்த எடத்துல இன்ஸ்பெக்ஷன்னா முந்துன நாள் ராத்திரி உக்காந்து மூணு மாசத்து ரெஜிஸ்டர நாலு கலர் பேனால எழுதி முடிச்சிருக்கேன், நாலு பேரு எழுதுன மாதிரி தெரியணும்ல. வந்தவங்க டீ குடிச்சுட்டு கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்க. இத உங்க அப்பாட்ட கூட சொன்னதில்ல.

அதனால பேப்பர விட்டுட்டு, ஆட்டோகிளேவ்ல போட்டு எடுத்த சாமான் பொட்டலத்த ஒண்ண பிரிச்சுக் காமின்னு கேட்டேன். மேல ஒட்டுற டேப்ல கோடு கருத்துருச்சுன்னா வெளிய சூடு பட்டுச்சுன்னுதான் அர்த்தம், உள்ள ஒரு ஸ்ட்ரிப் வச்சு அதுவும் மாறிருந்தாத்தான் நீராவி உள்ள வரைக்கும் போயிருக்குன்னு நம்பலாம். ஸ்ட்ரிப் இருந்துச்சு, மாறியும் இருந்துச்சு, அப்பாடான்னு இருந்துச்சு. ஆக மிஷின் ஒழுங்கா ஓடுது, ரெஜிஸ்டர்தான் கத.

வில்லங்கம் லேப்ராஸ்கோப்பி சாமான்லதான், அதான் வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு ஆபரேஷன் பண்றது. செட்டு ஒண்ணே ஒண்ணு, ஒரு நாளைக்கு நாலு கேஸு. ஆட்டோகிளேவ்ல போட்டு ஆறி வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுக்கு யாரு காத்துக் கெடப்பா? சைடெக்ஸுங்கிற கிருமி கொல்ற மருந்துத் தண்ணில 20 நிமிசம் முக்கி எடுத்து கொதிக்க வச்ச பைப்பு தண்ணில அலசி அடுத்த கேஸுக்கு குடுத்துர்றாங்க. ஒரு கிருமி கூட இல்லாம ஸ்டெரைல் ஆகணும்னா அந்த மருந்துல 10 மணி நேரம் கெடக்கணும். ட்ரேல மிக்ஸ் பண்ண தேதி கூட எழுதல, எத்தன நாளுன்னு கேட்டா முழிக்கிறா. இப்டி அலசுற தண்ணிலருந்து காசநோய்க் கிருமிக்கு சொந்தக்கார கிருமி ஒண்ணு புண்ணுக்குள்ள போயிரும்டா, தையல் பிரிக்கும்போது எல்லாம் நல்லாத்தான் இருக்கும், மூணு நாலு வாரம் கழிச்சு அந்த சின்ன ஓட்டைலருந்து கசிய ஆரம்பிக்கும், வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காது, மாசக்கணக்குல மாத்திர சாப்டணும். அப்பாவுக்கு வேற குடல் இறங்குற எடத்துல மெஷ்னு ஒரு வலைய உள்ள வைக்கணும், மெஷ்ல கிருமி ஒட்டிக்கிட்டா அதையே எடுக்க வேண்டி வரும்.

சர்ஜன்ட்ட நேராவே கேட்டேன். சின்னப் பையன், கை சுத்தம்னு பேரு எடுத்தவன், கோவப்படல. "நீங்க சொல்றது சரிதாம்மா, ரெண்டாவது செட்டு கேட்டு மேனேஜ்மென்ட்ட எழுதிருக்கேன்"ன்னான். அப்ப நான் சொன்னேன், ஒரு பக்கத்து குடலிறக்கம்தானே தம்பி, ஓப்பனாவே பண்ணுங்க, முதுகுல ஊசி போட்டா போதும், அந்த சாமான் பூரா ஆட்டோகிளேவ்ல போறது, காலைல முத கேஸா போடுங்கன்னு. யோசிச்சுட்டு சரின்னுட்டான். நீ லேப்ராஸ்கோப்பிதான் லேட்டஸ்டுங்குவ. 69 வயசு, முப்பது வருசம் பீடி குடிச்ச நெஞ்சு, முழு மயக்கம் குடுக்காம முடிஞ்சா அது எனக்கு நிம்மதி.

இன்னொண்ணு. டபிள்யூ.எச்.ஓ., அதான் உலக சுகாதார நிறுவனம், 2008ல ஆபரேஷனுக்குன்னு ஒரு செக்லிஸ்ட் கொண்டு வந்துச்சு, 19 கேள்வி. டெல்லியும் சேத்து 8 ஊருல போட்டுப் பாத்ததுல ஆபரேஷன் சாவு 1.5 சதவீதத்துலருந்து 0.8க்கு இறங்குச்சு. இங்கயும் அந்த ஃபாரம் இருக்கு, ஆனா நேத்து ஒரு பேஷண்ட் இன்னும் தியேட்டருக்குள்ள இருக்கும்போதே வெளிய இருந்த அவரோட ஃபைல்ல பத்தொம்பதும் டிக்காகி இருக்கு. அதனால எந்தப் பக்கம்னு சர்ஜனே வந்து அப்பா முழிச்சிருக்கும்போது மார்க்கர்ல போடணும்னு சொல்லிட்டேன். மயக்க மருந்து டாக்டரு மூணு ஆஸ்பத்திரிக்கு ஓடுறவரு, முதுகு ஊசி தெளிஞ்சு அப்பாவுக்கு கால் அசையுற வரைக்கும் எடத்த விட்டுப் போகக்கூடாதுன்னு அதையும் கேட்டு வாங்கிட்டேன். ரொம்ப ஓவரா போறேனோன்னு எனக்கே இருந்துச்சு, இருந்துட்டுப் போகட்டும்.

வியாழக்கிழமை காலைல 7 மணிக்கு கேஸு. நீ இப்ப டிக்கெட் போட வேணாம், தீபாவளிக்கு வர்ற லீவ கெடுத்துக்காத. பணம் மட்டும் அக்கா அக்கவுண்டுக்குப் போட்டு விடு.

இந்தா, எழுதிட்டிருக்கும்போதே உங்க அப்பா தண்ணி கேன தூக்கிட்டு மாடிக்குப் போறாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு, நீ ஒரு போன் போட்டுத் திட்டு.

அம்மா